அந்த மஞ்சள் விளக்கு யாருக்காக எரிகிறது?

ஓட்டிக்கொண்டிருக்கும்போதே டாஷ்போர்டில் இன்ஜின் வடிவத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பிக்கிறது. வண்டி வழக்கம்போலத்தான் ஓடுகிறது. சத்தம் இல்லை, புகை இல்லை, இழுவையிலும் குறை தெரியவில்லை. கையேட்டைப் புரட்டினால் சர்வீஸ் சென்டரில் காட்டச் சொல்லி ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். பல கார்களில் பெட்ரோல் டேங்க் மூடியைச் சரியாகத் திருகாமல் விட்டாலும் இதே விளக்குதான் எரியும். புகையிலிருக்கும் நச்சைக் குறைக்கும் கேடலிடிக் கன்வெர்ட்டர் செத்துப்போனாலும் இதே விளக்குதான். முதலாவது காசில்லாமல் சரியாகிவிடும். இரண்டாவதற்கு ஆகும் செலவு, பழைய வண்டியாக இருந்தால், வண்டியின் விலையோடு போட்டி போடும்.

விளக்கு எரிந்த அந்த நேரத்தில் காருக்குள் இருக்கும் கணினி என்ன கோளாறு என்பதற்கு ஐந்து எழுத்தில் ஒரு குறியீட்டைப் பதிந்துகொள்கிறது. அப்போது இன்ஜின் எத்தனை சுற்றில் ஓடியது, கூலண்ட் எவ்வளவு சூடாக இருந்தது, வண்டி என்ன வேகத்தில் போனது, எரிபொருளைக் கூட்ட வேண்டியிருந்ததா குறைக்க வேண்டியிருந்ததா என்பதையும் போட்டோ எடுத்ததுபோல் சேமித்து வைக்கிறது. ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று அதற்குப் பேர். இவ்வளவும் தெரிந்துவைத்துக்கொண்டு, காசு கொடுத்து வாங்கியவரிடம் மட்டும் ஒரு பொம்மைப் படத்தைக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்கிறது. காரணம் இருக்கிறது. அந்த விளக்கைக் கட்டாயமாக்கியவர்கள் காற்று மாசைக் கட்டுப்படுத்தும் அதிகாரிகள். கார் உரிமையாளருக்கு என்ன தெரிய வேண்டும் என்பது அவர்கள் கேட்ட கேள்வியே இல்லை.

எரிபொருளை அளந்து ஊற்றும் வேலை 1980-களில் கணினியின் கைக்கு வந்தது. ஒரு சென்சார் கெட்டால் வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும், ஆனால் புகைக்குழாயில் வரும் நச்சு பல மடங்கு கூடிவிடும், ஓட்டுபவருக்குத் தெரியவும் தெரியாது. அதனால்தான் கலிபோர்னியாவின் காற்று வள வாரியம், 1988-ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து கார் தன்னைத்தானே சோதித்துக்கொள்ள வேண்டும், கோளாறு வந்தால் விளக்கு எரிய வேண்டும் என்று விதி போட்டது. ஆன்-போர்டு டயக்னாஸ்டிக்ஸ், சுருக்கமாக ஓபிடி என்பதன் முதல் தலைமுறை இதுதான். கோளாறு விவரத்தைப் படிக்க அப்போது நிறுவனத்துக்கொரு பிளக், நிறுவனத்துக்கொரு மொழி. ஜெனரல் மோட்டார்ஸின் சில கார்களில் பிளக்கின் இரண்டு முனைகளை ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்தால் போதும், விளக்கு மினுக்க ஆரம்பிக்கும். ஒரு மினுக்கல், சின்ன இடைவெளி, இரண்டு மினுக்கல் என்றால் 12. கணினி பேசத் தயார் என்று அர்த்தம். அடுத்து வருவது கோளாறின் எண். எந்தக் கருவியும் வாங்காமல், டாஷ்போர்டைப் பார்த்து விரல்விட்டு எண்ணியே கோளாறைத் தெரிந்துகொண்ட காலம் அது. இன்றைய கார் இவ்வளவு முன்னேறிய பிறகு அந்த வசதி போய்விட்டது என்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

1990-இல் அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் திருத்தப்பட்டது. அதன் விளைவாக 1996 மாடலிலிருந்து அங்கே விற்ற எல்லா கார்களுக்கும் ஓபிடி இரண்டாம் தலைமுறை கட்டாயமானது. ஸ்டீயரிங்குக்குக் கீழே முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கும் 16 முள் கொண்ட பிளக் அப்போது பொதுவானது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-இலும் டீசல் கார்களுக்கு 2004-இலும் இது வந்தது. எந்த நிறுவனத்தின் காராக இருந்தாலும் பிளக் ஒன்று, அடிப்படைக் குறியீடுகளும் ஒன்று. 16-ஆவது முள்ளில் பேட்டரி மின்சாரம், 4, 5 இரண்டும் எர்த், 6, 14 இரண்டிலும் இன்றைய கார்களின் கணினிகள் பேசிக்கொள்ளும் கேன் என்ற தகவல் இணைப்பு.

குறியீட்டின் முதல் எழுத்து எந்தப் பகுதி என்று சொல்கிறது: பி (P) என்றால் இன்ஜினும் கியரும், சி என்றால் பிரேக், ஸ்டீயரிங் வகையறா, யு என்றால் கணினிகளுக்குள் பேச்சு அறுந்துபோனது. ஏர்பேக் உள்ளிட்ட பாடி பகுதிக்கும் (B) தமிழில் எழுதினால் 'பி'தான் வருகிறது, அந்தக் குழப்பத்தை மன்னிக்கவும். இரண்டாவது இடத்தில் சுழி இருந்தால் எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான குறியீடு. 1 இருந்தால் அந்த நிறுவனம் தனக்கென்று வைத்துக்கொண்டது. பி 0301 என்றால் முதல் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது. பி 0420 என்றால் கேடலிடிக் கன்வெர்ட்டர் போதுமான அளவு வேலை செய்யவில்லை.

எல்லாமே புகையைச் சுற்றியே இருக்கிறது, கவனித்தீர்களா? விளக்கு எப்போது எரிய வேண்டும் என்பதற்கு அமெரிக்க விதி பெரும்பாலும் பின்பற்றிய அளவுகோல், மாசு அனுமதித்த அளவைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டக்கூடிய கோளாறா என்பதுதான். பிரேக், ஏர்பேக், ஏசி, பவர் ஸ்டீயரிங் எதுவும் புகை விடுவதில்லை. ஆகவே அந்தப் பகுதிகளின் கோளாறு விவரத்தைப் பொதுவான முறையில் வெளியே சொல்ல வேண்டும் என்று மாசு விதி கேட்கவில்லை. அவை நிறுவனத்தின் சொந்த மொழியிலேயே இருந்துவிட்டன. உரிமையாளருக்கு இன்று எது சுலபமாகக் கிடைக்கிறது, எது கிடைப்பதில்லை என்பதற்கான எல்லைக்கோடு அங்கே விழுந்ததுதான்.

பிளக் பொதுவானாலும், அதைப் படிக்கும் கருவி பல காலம் ஒர்க்ஷாப் சாமானாகவே இருந்தது. அதை மாற்றியதில் ஒரு சின்ன சிப்புக்குப் பெரிய பங்கு உண்டு. கனடாவைச் சேர்ந்த எல்ம் எலக்ட்ரானிக்ஸ் என்ற சிறிய நிறுவனம் 2005-இல் ஈஎல்எம் 327 என்ற சிப்பை வெளியிட்டது. கார்கள் பேசும் பல மொழிகளையும் சாதாரண எழுத்தாக மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. சீக்கிரமே அதற்கு நகல்கள் குவிந்தன. தீப்பெட்டி அளவில் ப்ளூடூத் அடாப்டர்கள் வந்தன. போனில் ஒரு ஆப் இருந்தால் கார் கணினி சொல்வதைப் படித்துவிடலாம் என்ற நிலை வந்தது. அந்த நிறுவனம் 2022-இல் கடையை மூடிவிட்டது. நகல்கள் இன்னும் ஜோராக விற்கின்றன.

நான் அப்படி ஒன்றை வாங்கியது கோபத்தில். மஞ்சள் விளக்கோடு ஒரு ஒர்க்ஷாப்புக்குப் போனேன். ஸ்கேனரைச் செருகி இரண்டு நிமிடத்தில், "ஆக்சிஜன் சென்சார் போச்சு சார், மாத்திடலாம்" என்றார்கள். மாற்றினார்கள். பணம் கொடுத்தேன். ஒரே வாரத்தில் விளக்கு திரும்ப வந்தது. அப்புறம்தான் அடாப்டர் வாங்கிச் செருகிப் பார்த்தேன். பி 0171 என்று வந்தது. இன்ஜினுக்குள் போகும் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். அதில் ஆக்சிஜன் சென்சார் கெட்டுவிட்டது என்று எங்கேயும் இல்லை. புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளந்து, காற்று அதிகமாக இருக்கிறது என்று புகார் சொன்னதே அந்த சென்சார்தான். தீப்பிடித்ததென்று கத்தியவனைப் பிடித்து வெளியே தள்ளியது மாதிரி ஆகிவிட்டது.

ஆப்பில் ஃபியூல் டிரிம் என்று ஒரு எண் ஓடிக்கொண்டிருக்கும். கணக்குப்படி ஊற்ற வேண்டிய பெட்ரோலுக்கு மேல் கணினி எத்தனை சதவீதம் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதை அது காட்டும். நல்ல வண்டியில் சுழியை ஒட்டி அப்படி இப்படி ஆடும். என் வண்டியில், நின்றுகொண்டு இன்ஜின் ஓடும்போது 23 சதவீதம் கூடுதல். ஆக்சிலரேட்டரை மிதித்து 2500 சுற்றுக்குக் கொண்டுபோனால் 5-க்கு இறங்கியது. விஷயம் இந்த வித்தியாசத்தில்தான் இருந்தது. காற்றை அளக்கும் சென்சாரைத் தாண்டிய பிறகு எங்கோ ஒரு ஓட்டை வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. நிற்கும்போது இன்ஜின் குடிக்கும் காற்றே கொஞ்சம்தான். அதில் இந்தத் திருட்டுக் காற்று பெரிய பங்கு. வேகமாகச் சுற்றும்போது இன்ஜின் குடிப்பது பல மடங்கு. ஓட்டை வழியாக வருவது அதில் கரைந்துபோகிறது. டேங்கிலிருந்து பெட்ரோலை அனுப்பும் பம்ப் பலவீனமாக இருந்தால் இது தலைகீழாக இருந்திருக்கும், வேகம் கூடக் கூடத்தான் பற்றாக்குறை தெரியும்.

பானெட்டைத் திறந்து ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். காற்று உள்ளே போகும் இன்டேக்குக்குப் பின்னால், கண்ணில் படாத வளைவில், விரல் நக அளவுக்கு ஒரு வெடிப்பு. அதன்மேல் விரலை அழுத்திக்கொண்டு போனைப் பார்த்தேன். 23 மெதுவாக இறங்கி 9-க்கு வந்தது. விரலை எடுத்தேன், ஏறியது. அந்தக் குழாயை மாற்றியதும் விளக்கு அணைந்தது.

அந்த மெக்கானிக்கைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் பொய் சொன்னார் என்றும் நான் நினைக்கவில்லை. குறியீட்டைப் படித்தார், வழக்கமாக மாற்றும் பாகத்தை மாற்றினார். எங்கே வலிக்கிறது என்று குறியீடு சொல்லும்; என்ன நோய் என்று சொல்லாது. பி 0420 வந்தவுடன் கன்வெர்ட்டரை மாற்றச் சொல்பவர்கள் உண்டு. சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் ஒரு கசிவு இருந்தாலும் அதே குறியீடு வரலாம். எண்ணை மட்டும் பார்த்துப் பாகம் மாற்றுவது லாட்டரி. அதே நேரம், ஓடும் எண்களையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் பார்க்க முடிந்த உரிமையாளர், குறைந்தபட்சம் ஒரு கேள்வியாவது கேட்க முடியும். "நிற்கும்போது டிரிம் எவ்வளவு காட்டுது?" என்று கேட்டுப் பாருங்கள். எதிரில் இருப்பவரின் பேச்சே மாறும்.

இன்னொரு விஷயம். அடாப்டர் வாங்கியவர்கள் முதலில் செய்வது 'அழி' பொத்தானை அழுத்துவது. விளக்கு அணையும், மனசுக்கு நிம்மதி. ஆனால் ஃப்ரீஸ் ஃப்ரேமும் அதோடு போய்விடும். சாட்சியை நாமே கலைத்த மாதிரி. கார் தனக்குள் நடத்தும் சுயசோதனைகளின் முடிவுகளும் அழிந்து, 'முடியவில்லை' என்ற நிலைக்குத் திரும்பிவிடும். பழைய கார் வாங்கப் போகிறவருக்கு இது ஒரு நல்ல தடயம். விளக்கு எரியவில்லை, குறியீடு எதுவும் இல்லை, ஆனால் சுயசோதனைகள் பாதிக்கு மேல் முடியாமல் கிடக்கின்றன என்றால், ஒன்று பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள், இல்லையென்றால் நீங்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் யாரோ அழித்திருக்கிறார்கள். இந்தத் தந்திரம் பெருகியதால், 2010 வாக்கில் வந்த அமெரிக்கக் கார்களிலிருந்து நிரந்தரக் குறியீடு என்ற ஒன்றைச் சேர்த்தார்கள். கோளாறு உண்மையிலேயே சரியாகிவிட்டது என்று கார் தானே சோதித்து உறுதி செய்யும்வரை அது அழியாது. விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் வேறு கதை. கன்வெர்ட்டரையே சுட்டுவிடும் அளவுக்கு எரிதல் தவறுகிறது என்று அர்த்தம். ஆப்பைத் தேடாமல் வேகத்தைக் குறைத்து வண்டியை ஓரங்கட்ட வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் வீட்டின் திண்ணை. உள்ளே போனால் கதவு பூட்டியிருக்கிறது. இன்றைய காரில் டஜன் கணக்கில் கணினிகள் இருக்கின்றன. அவற்றோடு பேச ஒரு சர்வதேசத் தரம் இருந்தாலும், எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பது நிறுவனத்தின் ரகசியம். எழுதுவதற்கும் மாற்றுவதற்கும் கணினி ஒரு எண்ணைக் கேள்வியாகக் கொடுக்கும். அதற்குரிய ரகசியக் கணக்கைப் போட்டுச் சரியான பதில் சொன்னால்தான் திறக்கும். இது நிபுணர்களின் தலைவலி மட்டும் என்று நினைக்க வேண்டாம். மின்சார ஹேண்ட்பிரேக் உள்ள பல கார்களில் பின் பிரேக் பேடு மாற்ற, முதலில் அந்த மோட்டாரைப் பின்னால் இழுக்கக் கணினிக்குக் கட்டளை கொடுக்க வேண்டும். சில கார்களில் புது பேட்டரி போட்டால் அதைக் கணினியில் பதிய வேண்டும். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவருக்கும் இப்போது அனுமதிச்சீட்டு தேவைப்படுகிறது.

அமெரிக்காவில் இந்தப் பூட்டை உடைத்த முதல் பெரிய சட்டம் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வந்தது. 2012 நவம்பரில் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். 85 சதவீதத்துக்கும் மேல் ஆதரவு. டீலருக்குக் கிடைக்கும் அதே கோளாறு விவரமும் பழுதுபார்க்கும் தகவலும் உரிமையாளருக்கும் வெளி ஒர்க்ஷாப்புக்கும் நியாயமான விலையில் கிடைக்க வேண்டும் என்பது சாரம். மாநிலத்துக்கு மாநிலம் தனிச் சட்டம் வந்தால் தாங்காது என்று பயந்த நிறுவனங்கள், 2014 ஜனவரியில் அதையே நாடு முழுவதற்குமான உடன்பாடாக ஏற்றுக்கொண்டன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007-ஆம் ஆண்டு விதியிலேயே பழுதுபார்க்கும் தகவலைத் திறக்கும் பிரிவுகள் உண்டு. ஆனால் அது முதன்மையாக ஒர்க்ஷாப்புகளையும் கருவி தயாரிப்பவர்களையும் மனதில் வைத்து எழுதியது. ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலை 1-இல் தொடங்கிய திட்டமும் அப்படித்தான். காரின் சொந்தக்காரரை நேராகப் பெயர் சொல்லிக் கூப்பிடும் சட்டங்கள் குறைவு.

மாசசூசெட்ஸ் சட்டத்தில் ஒரு பொத்தல் இருந்தது. காரிலிருந்து மொபைல் நெட்வொர்க் வழியாக நிறுவனத்துக்கு நேரடியாகப் போகும் தகவலில் பெரும்பகுதியை அது விட்டுவிட்டது. 2012-இல் அது சின்ன விஷயமாகத் தெரிந்தது. சில வருடங்களில் காருக்குள் சிம் கார்டு சகஜமாகிவிட்டது. பிளக்கில் எதையும் செருகாமலே, கோளாறு விவரம் நேராக நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. சில பிராண்டுகளில் உங்களுக்கு விளக்கின் பொருள் புரிவதற்குள் டீலரிடமிருந்து போன் வந்துவிடும். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அடுத்து எங்கே போவது என்பதை முடிவு செய்யும் நேரத்தில், தகவல் இருக்கும் ஒரே ஆள் அவர்தான்.

அந்தப் பொத்தலை அடைக்க 2020-இல் மறுபடி வாக்கெடுப்பு. சுமார் 75 சதவீதம் ஆதரவு. இந்தமுறை நிறுவனங்களின் கூட்டமைப்பு நீதிமன்றத்துக்குப் போனது. சுபாரு, கியா நிறுவனங்கள் மாசசூசெட்ஸில் வாங்கும் புதிய கார்களில் அந்த இணைப்பு வசதியையே நிறுத்தின. 2023 ஜூனில் மத்திய சாலைப் பாதுகாப்பு அமைப்பு, இந்தச் சட்டத்தைப் பின்பற்றினால் ஹேக்கர்களுக்குக் கதவு திறக்கும் என்று நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியது. இரண்டு மாதத்தில் சுருதி இறங்கி, ப்ளூடூத் போன்ற குறுகிய தூர வழியில் கொடுக்கலாம் என்றது. வழக்கை 2025 பிப்ரவரியில் மாவட்ட நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இடையில் 2023 நவம்பரில் மெய்ன் மாநிலமும் இதேபோன்ற சட்டத்துக்குப் பெருவாரியாக வாக்களித்துவிட்டது.

ஹேக்கர் பயம் வெறும் சாக்கா? இங்கே இரண்டு பக்கமும் பேச வேண்டியிருக்கிறது. 2015-இல் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜீப் செரோக்கியைத் தொலைவிலிருந்தே கட்டுப்படுத்திக் காட்டினார்கள். ஜீப்பைத் தயாரித்த ஃபியட் கிரைஸ்லர் 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்தது. அதன் பிறகு, சுமார் 2018 மாடலிலிருந்து, ஓபிடி பிளக்குக்குப் பின்னால் ஒரு பாதுகாப்புக் கதவை வைத்தது. பதிவு செய்த கருவியோடு வந்தால்தான் அது திறக்கும்; வெறும் குறியீட்டைப் படிக்கத் தடையில்லை, அழிக்கவும் பாகங்களை இயக்கிப் பார்க்கவும் தடை. ஆனால் அந்த இருவரும் உள்ளே நுழைந்தது காரின் மொபைல் இணைப்பு வழியாக. பிளக்கைத் தொடவே இல்லை. திருடன் கூரை வழியாக வந்தான், பூட்டை வாசலில் போட்டார்கள். அதற்காகப் பிளக்கில் ஆபத்தே இல்லை என்றும் சொல்ல முடியாது. அதே ஆண்டு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள், இன்சூரன்ஸுக்காகப் பிளக்கில் செருகும் ஒரு கருவிக்கு எஸ்எம்எஸ் அனுப்பியே ஒரு கார்வெட் காரின் பிரேக்கில் கைவைத்தார்கள். மலிவு விலை அடாப்டரைச் செருகியபடியே விட்டுவைப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

என் கட்சி இதுதான்: பூட்டு வேண்டும், ஆனால் வீட்டுக்காரரிடம் ஒரு சாவி இருக்க வேண்டும். ஐரோப்பிய நீதிமன்றமும் 2023 அக்டோபரில் ஏறத்தாழ அந்தப் பக்கம்தான் சாய்ந்தது. ஃபியட் கிரைஸ்லரின் அந்தக் கதவை எதிர்த்து இரண்டு ஒர்க்ஷாப் நிறுவனங்கள் போட்ட வழக்கில், விதியில் சொல்லாத நிபந்தனைகளைச் சைபர் பாதுகாப்பின் பேரால் புதிதாகச் சேர்க்க முடியாது என்று தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பர் 12 முதல் அங்கே நடைமுறைக்கு வந்திருக்கும் தரவுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. இணைப்பு உள்ள பொருளைப் பயன்படுத்துபவருக்கே அது உருவாக்கும் தரவைப் பெறும் உரிமையை அது தருகிறது. காரும் அதில் அடக்கம்.

பாதுகாப்பு வாதத்தைக் கேட்கும்போது என் நினைவுக்கு வரும் இன்னொரு விஷயமும் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் தன் வாடிக்கையாளர்கள் எப்படி பிரேக் போடுகிறார்கள், எந்த நேரத்தில் ஓட்டுகிறார்கள் என்ற விவரங்களைத் தரவு நிறுவனங்களுக்குக் கொடுத்தது 2024-இல் அம்பலமானது. அங்கிருந்து அது இன்சூரன்ஸ் நிறுவனங்களுக்குப் போனது. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் அதன்மேல் நடவடிக்கை எடுத்தது. உரிமையாளரிடம் கொடுத்தால் ஆபத்து என்று சொன்ன துறையில்தான், மூன்றாமவருக்குப் போன தகவல் உரிமையாளருக்கே தெரியாமல் போயிருக்கிறது.

மின்சாரக் காரில் இந்தக் கதை மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. புகை இல்லை; ஆகவே புகைக்காக எழுதிய விதியும் இல்லை. சில மின்சாரக் கார்களில் பிளக் இருந்தும் பொதுவான குறியீடு எதுவும் வருவதில்லை. காரின் விலையில் பெரும் பங்கு பேட்டரியில்தான் இருக்கிறது, அது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதுதான் தெரிய வேண்டிய முதல் விஷயம். பழைய நிசான் லீஃப் டாஷ்போர்டில் அதற்கு 12 சின்னக் கட்டங்கள் இருந்தன. முதல் கட்டம் மறையும்போது ஏறக்குறைய 15 சதவீதக் கொள்ளளவு போயிருக்கும். பன்னிரண்டும் எரியும் இரண்டு கார்களில் ஒன்று புத்தம் புதிதாகவும் மற்றொன்று கணிசமாகத் தேய்ந்தும் இருக்கலாம், வித்தியாசம் தெரியாது. லீஃப் உரிமையாளர்கள் கார் கணினியின் மொழியைத் தாங்களே தோண்டி எடுத்தார்கள்; லீஃப் ஸ்பை என்ற ஆப் ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தத்தையும் காட்ட ஆரம்பித்தது. பழைய லீஃப் வாங்குபவர்கள் அடாப்டரோடு வருவது அப்படித்தான் வழக்கமானது.

கலிபோர்னியா 2022-இல் இதற்கும் விதி எழுதியது. 2026 மாடலிலிருந்து, விதிக்கு உட்பட்ட மின்சாரக் கார்கள் பேட்டரியின் ஆரோக்கியத்தைச் சதவீத எண்ணாக, காரிலேயே, எந்தக் கருவியும் இல்லாமல் ஓட்டுபவர் பார்க்கும்படி காட்ட வேண்டும் என்றது அந்த விதி. பெட்ரோல் கார் வைத்திருப்பவருக்கு இந்தச் சலுகை இன்னும் வரவில்லை. என் நண்பர் சமீபத்தில் வாங்கிய காரின் திரை பன்னிரண்டு அங்குலம். பாட்டின் பெயர், பாடியவர் பெயர், அடுத்த திருப்பத்துக்கு எத்தனை மீட்டர் என்று எல்லாம் அதில் வருகிறது. போன வாரம் அதில் இன்ஜின் விளக்கு எரிந்தது. பி 0171 என்று ஐந்து எழுத்தைக் காட்ட அந்தத் திரையில் இடமில்லை. என் அடாப்டரை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.